அயர் கூட்

சர் அயர் கூட் (1726 - 1783) என்பவர் 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பணியாற்றிய பிரித்தானியப் படைத் தளபதி ஆவார். அயர்லாந்தில் பிறந்த இவர், பிரித்தானிய மன்னரின் படையில் அலுவலராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதி ஆனார். 1760இல் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படையையும், 1781இல் பறங்கிப்பேட்டைப் போரில் மைசூரின் ஐதர் அலியின் படையையும் தோற்கடித்தவர் என்பதால் தமிழக வரலாற்றில் இவர் பெயர் அடிக்கடி இடம்பெறுகிறது. இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த இவருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1771இல் "பாத்" வீரத்திருத்தகை விருதை வழங்கினார்.

கூட்டின் வாழ்வில் பெரிதும் பேசப்படுபவை இவரது வெற்றிகளே. எனினும், கடலூரில் உணவின்றி முடங்கிக் கிடந்ததும், சிதம்பரம் கோயிலைக் கைப்பற்ற முயன்று தோற்றதும் அவ்வெற்றிகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை. இக்கட்டுரை இவரது பணிவாழ்வை, குறிப்பாக இன்றைய கடலூர் மாவட்டப் பகுதியில் நிகழ்ந்தவற்றை, விளக்குகிறது.

பெயர்

ஒரே குடும்பத்தில் சர் அயர் கூட் என்ற பெயருடன் இரு படைத் தளபதிகள் இருந்தனர். இரண்டாமவர் (1762 - 1823) இக்கட்டுரையில் கூறப்படுபவரின் உடன்பிறந்தார் மகன் ஆவார். அமெரிக்க விடுதலைப் போரிலும், 1801இல் எகிப்திலும் போரிட்ட அவர், பின்னர் யமேக்காவின் துணைநிலை ஆளுநராக இருந்தார். 1816இல் நன்னடத்தை தவறியதாகப் படைப்பணியிலிருந்தும் பாத் விருதிலிருந்தும் நீக்கப்பட்டார். நூல்களில் இவ்விருவரும் ஒருவராகக் குழப்பப்படுவது உண்டு. பிள்ளைகள் இல்லாத மூத்தவரின் சொத்துகள் பின்னர் இளையவரைச் சென்றடைந்தன.

இளமை

கூட் 1726இல் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தார். தந்தை ஒரு கிறித்தவ மதகுரு. இளம் வயதிலேயே படையில் சேர்ந்த இவர், 1745இல் இசுக்கொட்லாந்தில் எழுந்த யாக்கோபியக் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படையில் பணியாற்றினார். 1754இல் 39ஆம் காலாட்படைப் பிரிவுடன் இந்தியா வந்தார். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதலாவது அரசப் படைப்பிரிவு இதுவே ஆகும்.

அரசப் படையும் கம்பெனிப் படையும்

கூட்டின் வாழ்வில் திரும்பத் திரும்ப எழுந்த பிணக்குகளைப் புரிந்துகொள்ள, அக்காலத்துப் படை அமைப்பை அறிந்துகொள்வது தேவை. அப்போது இந்தியாவில் பிரித்தானியர் சார்பில் இருவகைப் படைகள் இருந்தன.

முதலாவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படை. இதில் ஐரோப்பிய வீரர்களும், பெரும் எண்ணிக்கையில் உள்நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். இதன் அலுவலர்களைக் கம்பெனியே நியமித்தது. சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் தனித்தனிப் படைகள் இருந்தன.

இரண்டாவது, அரசப் படை. இது மன்னரின் ஆணையின்கீழ் இயங்கியது. தேவை ஏற்படும்போது இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. இதன் அலுவலர்கள் மன்னரிடம் ஆணை பெற்றவர்கள் என்பதால், கம்பெனி அலுவலர்களைவிடத் தாம் உயர்ந்தவர்கள் என்று கருதினர். ஆனால் இந்தியாவில் இருக்கும்வரை இவர்களுக்கான பணத்தையும், உணவையும், வண்டி மாடுகளையும் கொடுத்தது கம்பெனியின் ஆளுநரும் அவரது ஆலோசனைக் குழுவுமே.

இதனால் ஆணையிடும் உரிமை ஒருவரிடமும், பணப்பை மற்றொருவரிடமும் இருந்தது. கூட் அரசப் படை அலுவலர். தம் வாழ்நாள் முழுவதும் கம்பெனி ஆளுநர்களுடன் இவர் மோதியதற்கு, இவரது முன்கோபத்துடன் இந்த அமைப்பும் காரணமாகும்.

வங்காளத்தில்

1756இல் வங்காள நவாப் சிராசு உத் தௌலா கல்கத்தாவைக் கைப்பற்றினார். அதனை மீட்கச் சென்னையிலிருந்து இராபர்ட் கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் அனுப்பப்பட்டனர். கூட்டும் அவர்களுடன் சென்றார். 1757 ஜனவரியில் கல்கத்தா மீட்கப்பட்டபோது, வாட்சன் கோட்டையின் பொறுப்பை அரசப் படை அலுவலரான கூட்டிடம் ஒப்படைத்தார். கம்பெனியின் சார்பில் வந்திருந்த கிளைவ் இதனை ஏற்க மறுத்தார். மேலே கூறிய பிணக்கின் முதல் வடிவம் இது.

1757 ஜூன் 21 அன்று, பிளாசிப் போருக்கு முன்பு கூடிய போர்க்குழுவில், உடனே தாக்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்று கேட்கப்பட்டது. கிளைவ் உட்படப் பெரும்பான்மையோர் காத்திருக்கலாம் என்றனர். உடனே தாக்க வேண்டும் என்ற சிறுபான்மையினருள் கூட்டும் ஒருவர். பின்னர் கிளைவ் தம் மனத்தை மாற்றிக்கொண்டார். ஜூன் 23 அன்று நடந்த போரில் நவாப் தோற்றார். இதன் பின்னர், தப்பிச் சென்ற பிரெஞ்சுப் படைப்பிரிவு ஒன்றைத் துரத்திக்கொண்டு கூட் பீகார் வரை சென்றார்.

வந்தவாசியும் புதுச்சேரியும்

இக்காலத்தில் தமிழகத்தில் பிரெஞ்சுக்காரரின் கை ஓங்கியிருந்தது. 1758இல் வந்திறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரையும் அதனை அடுத்துள்ள தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றினார். இக்கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து பெற்றனர். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்த பின்னர், சில ஆண்டுகள் ஆங்கிலேயரின் தென்னிந்தியத் தலைமையிடமாக இதுவே இருந்தது. 1758 ஜூன் 2 அன்று சரணடைந்த இக்கோட்டையை லாலி இடித்துத் தள்ளினார். அதன் பின்னர் அது பழைய நிலையை அடையவே இல்லை.

இங்கிலாந்து சென்று, புதிதாகத் திரட்டப்பட்ட 84ஆம் படைப்பிரிவின் தலைமையுடன் 1759 இறுதியில் சென்னை திரும்பிய கூட், வந்தவாசியையும் கருங்குழியையும் அடுத்தடுத்துக் கைப்பற்றினார். வந்தவாசியை மீட்க லாலி வந்தார். 1760 ஜனவரி 22 அன்று அவ்வூருக்கு அருகே இருவரும் மோதினர். இருபுறமும் ஏறத்தாழ 2,000 ஐரோப்பிய வீரர்கள் நின்றனர். போரின் நடுவே பிரெஞ்சு அணியில் வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பற்றி வெடித்தது. இதனால் உண்டான குழப்பத்தைக் கூட் பயன்படுத்திக்கொண்டார். லாலி தோற்றுப் பின்வாங்கினார். புகழ்பெற்ற பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார்.

இதனைத் தொடர்ந்து ஆற்காடு, காரைக்கால், கடலூர், சிதம்பரம் முதலிய ஊர்கள் சில மாதங்களுக்குள் ஆங்கிலேயர் வசமாயின. 1753 முதல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்த சிதம்பரம் கோயில்கோட்டை, 1759இல் ஆங்கிலேயரின் தாக்குதலைத் தாங்கி நின்றது; 1760இல் மேஜர் மான்சனிடம் சரணடைந்தது.

1760 செப்டம்பரில் புதுச்சேரி முழுமையாகச் சூழப்பட்டது. நகரில் கடும் பஞ்சம் நிலவியது. 1761 ஜனவரியின் நடுவில் லாலி சரணடைந்தார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இந்த ஜனவரி மாதத்திலேயே காலமானார்.

புதுச்சேரி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உடனே எழுந்தது. வென்றது மன்னரின் தளபதி என்பதால் அது மன்னருக்குரியது என்பது அரசப் படையினரின் வாதம். கம்பெனிக்கே உரியது என்றார் சென்னை ஆளுநர் பிகட். ஒப்படைக்காவிட்டால் அரசப் படைக்குப் பணம் தருவதை நிறுத்திவிடுவதாகவும் எச்சரித்தார். கூட் எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுப் பணிந்தார். நகரின் அரண்களும் கட்டடங்களும் பின்னர் இடிக்கப்பட்டன.

நாடாளுமன்றமும் அரச விருதும்

இங்கிலாந்து திரும்பிய கூட்டுக்குக் கம்பெனி 700 பவுண்டு மதிப்புள்ள, வைரம் பதித்த வாள் ஒன்றைப் பரிசளித்தது. ஆம்ப்சயரில் நிலமும் மாளிகையும் வாங்கிக் குடியேறினார். 1768இல் லெஸ்டர் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் 1774 முதல் 1780 வரை பூல் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். செயின்ட் எலனா தீவின் ஆளுநராக இருந்த சார்லசு அட்சின்சனின் மகள் சூசன்னாவை மணந்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் படை, நாடாளுமன்றம், அரசவை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. படையில் உயர்பதவியும், படைப்பிரிவின் கர்னல் பொறுப்பும், வீரத்திருத்தகை விருதும் மன்னரின் கையில் இருந்தன. நாடாளுமன்றத்தில் இடம் பெற்றவர்களுக்கு இவை எளிதில் கிட்டின. 1771இல் கூட் பாத் விருதைப் பெற்றுச் "சர்" ஆனார். 1773இல் 37ஆம் காலாட்படைப் பிரிவின் கர்னலாக நியமிக்கப்பட்டார். எனினும் இவர் அரண்மனைப் பதவி எதனையும் ஏற்றவர் அல்லர். அரசவையில் பெற்ற மதிப்பைப் போர்க்களப் பணிக்கே பயன்படுத்தினார்.

இவ்விடைக்காலத்தில், 1770இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக ஒருமுறை வந்தார். ஆனால் தம் அதிகாரத்தின் எல்லை குறித்து ஆளுநர் டூ பிரேயுடன் பிணங்கி, விரைவிலேயே நாடு திரும்பிவிட்டார்.

தலைமைத் தளபதி

1777இல் இந்தியாவின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்ட கூட், 1779இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்சின் ஆலோசனைக் குழுவிலும் இடம்பெற்றார். குழுவில் பிளவு நிலவியதால் இவரது ஆதரவு ஹேஸ்டிங்சுக்குத் தேவைப்பட்டது. கூட்டுக்குக் கூடுதலான களப்படி வழங்கப்பட்டு, அதன் சுமை அவத் நவாபின்மேல் ஏற்றப்பட்டது. பிற்காலத்தில் ஹேஸ்டிங்சு மீது இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று.

1780 ஜூலையில் ஐதர் அலி 80,000க்கும் மேற்பட்ட படையினருடன் கர்நாடகப் பகுதியில் நுழைந்தார். (அக்காலத்தில் "கர்நாடகம்" என்பது ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்குட்பட்ட தமிழகப் பகுதியைக் குறித்தது.) 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை முற்றிலும் அழிக்கப்பட்டது. அருகிலேயே இருந்த எக்டர் மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

செய்தியறிந்த ஹேஸ்டிங்சு, கூட்டைப் பணத்துடனும் சில நூறு ஐரோப்பிய வீரர்களுடனும் கடல் வழியாகச் சென்னைக்கு அனுப்பினார். 1780 நவம்பர் 5 அன்று கூட் சென்னை சேர்ந்தார். அப்போது இவருக்கு வயது 54, உடல்நலமும் குன்றியிருந்தது.

கடலூரில் முடக்கம்

1781 ஜனவரி 17 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட கூட், சில நாட்களிலேயே செங்கல்பட்டுக்கு உதவி சேர்த்து, கருங்குழியைக் கைப்பற்றி, வந்தவாசியின் முற்றுகையையும் நீக்கினார். வந்தவாசியை லெப்டினன்ட் பிளின்ட் என்ற இளம் அலுவலர் ஒரு சிறு படையுடன் காத்து நின்றார். அதே வேளையில் பிரெஞ்சுக் கடற்படை ஒன்று கரையோரம் தோன்றியது. ஆகவே கூட் புதுச்சேரி வழியாகத் தெற்கே சென்று, பிப்ரவரி 8 அன்று கடலூரை அடைந்தார். ஐதர் அலியும் பெரும்படையுடன் பின்தொடர்ந்து வந்து நிலவழிகள் அனைத்தையும் அடைத்தார்.

இது மிகவும் ஆபத்தான நிலை. கடலில் பிரெஞ்சுக் கப்பல்கள், நிலத்தில் மைசூர்ப் படை, கையில் சில நாட்களுக்கே போதுமான அரிசி. ஆனால் பிரெஞ்சுத் தளபதி தோர்வ், பிப்ரவரி நடுவிலேயே தம் கப்பல்களுடன் மொரீசியசுக்குத் திரும்பிச் சென்றுவிட்டார். கடல்வழி மீண்டும் திறந்தது. சென்னையிலிருந்து கப்பல்களில் அரிசி வரத் தொடங்கியது. பிரெஞ்சுக் கப்பல்கள் இன்னும் சில வாரங்கள் நின்றிருந்தால் கூட்டின் படை சரணடைந்திருக்கக்கூடும் என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து.

உணவு வந்தாலும், அதனைச் சுமந்து செல்ல மாடுகள் இல்லை. அக்காலத்துப் படைக்குப் பீரங்கி இழுக்கவும், அரிசி சுமக்கவும் ஆயிரக்கணக்கான மாடுகள் தேவைப்பட்டன. ஐதர் அலியின் குதிரைப்படை நாட்டுப்புறம் முழுவதிலும் மாடுகளையும் தானியத்தையும் அகற்றியிருந்தது. எனவே, கடற்கரையை விட்டு இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு மேல் உள்ளே செல்லக் கூட்டால் இயலவில்லை. இவ்வாறு நான்கு மாதங்களுக்கு மேல் கடலூர்ப் பகுதியிலேயே முடங்கிக் கிடந்தார்.

சிதம்பரம் கோயில் மீதான தாக்குதல்

ஐதர் அலி சிதம்பரம் நடராசர் கோயிலின் அரண்களை வலுப்படுத்தி, அங்கு ஒரு காவற்படையை நிறுத்தியிருந்தார். உயர்ந்த கருங்கல் மதில்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த தென்னிந்தியப் பெருங்கோயில்கள், 18ஆம் நூற்றாண்டுப் போர்களில் பலமுறை கோட்டைகளாகப் பயன்பட்டன. வழிபாட்டுக்காக எழுப்பப்பட்ட மதில்கள் பீரங்கிக் குண்டுகளையும் ஓரளவு தாங்கின. உள்ளே குளமும், பரந்த மண்டபங்களும் இருந்ததால் வீரர்கள் தங்குவதற்கும் தானியம் சேமிப்பதற்கும் வசதியாக இருந்தது.

சிதம்பரத்தில் தானியம் சேமிக்கப்பட்டிருப்பதாகவும், அங்குள்ள காவற்படை சிறியது என்றும் கூட் நம்பினார். 1781 ஜூன் 16 அன்று கடலூரிலிருந்து புறப்பட்டு, வெள்ளாற்றைக் கடந்து, ஜூன் 18 அன்று சிதம்பரத்தைத் தாக்கினார். நான்கு சிப்பாய்ப் படையணிகளும் எட்டுப் பீரங்கிகளும் இத்தாக்குதலில் ஈடுபட்டன. கோயிலைச் சூழ்ந்த பேட்டை எளிதில் வீழ்ந்தது. அந்த வேகத்திலேயே கோயிலின் வாயிலை உடைத்து உள்ளே நுழைய முயன்றனர். ஆனால் உள்ளிருந்த படை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. உள்வாயிலில் கடும் எதிர்ப்பு எழுந்தது. தாக்கியவர்கள் பெரும் இழப்புடன் பின்வாங்கினர்.

மதிலைப் பிளக்கத்தக்க பெரிய பீரங்கிகள் இன்றி, உளவறிந்து தெளியாமல், வேகத்தை மட்டும் நம்பித் தாக்கியதே தோல்விக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. கூட் மீண்டும் வெள்ளாற்றைக் கடந்து, அதன் வடகரையில் கடலோரத்தில் உள்ள பறங்கிப்பேட்டையில் முகாமிட்டார்.

பறங்கிப்பேட்டைப் போர்

சிதம்பரத்தில் ஆங்கிலேயர் தோற்ற செய்தி ஐதர் அலிக்கு ஊக்கமளித்தது. அதுவரை நேரடிப் போரைத் தவிர்த்து வந்த அவர், இரண்டரை நாளில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தூரம் விரைந்து வந்து, கூட்டின் படைக்கும் கடலூருக்கும் இடையே பாதையை மறித்து நின்றார். அங்குப் பீரங்கி மேடைகளையும் அமைக்கத் தொடங்கினார். இதற்குள் எட்வர்டு இயூசின் தலைமையில் ஆங்கிலக் கடற்படை பறங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

கூட்டின்முன் இருந்த வழிகள் சில. கப்பலேறித் தப்பினால் தென்பகுதி முழுவதையும் இழக்க நேரிடும். அங்கேயே காத்திருந்தால் ஐதரின் அரண்கள் முற்றுப்பெற்றுவிடும். போரிட்டுக் கடலூருக்கு வழி திறப்பதே எஞ்சியது. போர்க்குழுவும் அவ்வாறே முடிவு செய்தது. நான்கு நாட்களுக்கான அரிசியை வீரர்களே சுமந்துகொண்டனர்.

1781 ஜூலை 1 காலையில் படை புறப்பட்டது. கூட்டிடம் ஏறத்தாழ 8,500 பேர் இருந்தனர். இவர்களுள் ஐரோப்பியர் ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே. பெரும்பான்மையினர் தமிழகத்தையும் தெலுங்குப் பகுதியையும் சேர்ந்த சிப்பாய்கள். ஐதர் அலியின் படை பற்றிய மதிப்பீடுகள் வேறுபட்டாலும், அது பன்மடங்கு பெரியது என்பதில் ஐயமில்லை.

நேர்வழியில் ஐதரின் பீரங்கி மேடைகள் நின்றன. அவற்றை நேரே தாக்குவதற்குப் பதிலாக, கூட் தம் படையை வலப்புறமாக, அதாவது கிழக்கே கடலை நோக்கித் திருப்பினார். அங்குக் கடலோர மணல்மேடுகளுக்கு இடையே பீரங்கிகள் செல்லத்தக்க ஒரு வழி இருந்தது. ஐதரின் ஆட்கள் தங்கள் பீரங்கிகளுக்காகச் செப்பனிட்ட வழி அது என்று கூறப்படுகிறது. மணல்மேடுகள் மறைப்பாக அமைய, முதல் அணி அவ்வழியே சென்று மைசூர்ப் படையின் பக்கவாட்டில் வெளிப்பட்டது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலான இரண்டாம் அணி மணல்மேடுகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றைக் கைப்பற்ற வந்த மைசூர்ப் படையைத் தடுத்து நிறுத்தியது. கரையோரமாக வந்த சிறிய கப்பல் ஒன்று குதிரைப்படைமீது சுட்டது.

பல மணி நேரம் நீடித்த போர் பிற்பகலில் முடிந்தது. ஐதர் அலி தம் பீரங்கிகளைப் பத்திரமாக விலக்கிக்கொண்டு பின்வாங்கினார். அவரது மைத்துனரும் மூத்த தளபதியுமான மீர் சாகிப் படுகாயமுற்று இறந்தார். ஆங்கிலேயர் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் 300க்குச் சற்று மேல். மைசூர்த் தரப்பின் இழப்பை ஆங்கிலேயர் 10,000 எனக் கணக்கிட்டனர். இது மிகைப்படுத்தப்பட்டது என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

இப்போரின் விளைவாகக் கடலூருக்கு வழி திறந்தது. திப்பு சுல்தான் வந்தவாசியை முற்றுகையிடும் முயற்சியைக் கைவிட்டார். பொள்ளிலூர்த் தோல்விக்குப் பின்னர் சென்னையைச் சூழ்ந்திருந்த பேரச்சம் ஓரளவு தணிந்தது.

பிற்காலப் போர்கள்

வங்காளத்திலிருந்து நிலவழியே வந்த படையுடன் சேர்ந்தபின், கூட் 1781 ஆகஸ்ட் 27 அன்று பொள்ளிலூரிலும், செப்டம்பர் 27 அன்று சோளிங்கரிலும் ஐதர் அலியுடன் மோதினார். பெய்லியின் படை அழிந்த அதே இடத்தில் நடந்த பொள்ளிலூர்ப் போரை இருதரப்பும் தம் வெற்றியாகவே கருதின. 1782 ஜனவரியில் வேலூருக்கு உணவு கொண்டு செல்லும் வழியில் கூட் வாத நோயால் வீழ்ந்தார். எனினும் பல்லக்கில் அமர்ந்தபடியே படையை நடத்திச் சென்றார். 1782 ஜூன் 2 அன்று ஆரணியில் தம் கடைசிப் போரை நடத்தினார்.

இத்தனை போர்களுக்குப் பின்னரும் ஐதர் அலி வெளியேறவில்லை. ஒவ்வொரு முறையும் கூட் களத்தை வென்றார். ஆனால் குதிரைப்படையும் மாடுகளும் இல்லாததால் துரத்திச் செல்ல இயலவில்லை. சில நாட்களில் அரிசி தீர்ந்து, மீண்டும் கடற்கரைக்கோ சென்னைக்கோ திரும்ப வேண்டியிருந்தது. மறுபுறம், நிலத்தில் ஆங்கிலேயரின் வளங்களை அழிக்க முடிந்த ஐதர் அலியால், கடல்வழியே வந்த உதவியைத் தடுக்க இயலவில்லை. போரின் போக்கைத் தீர்மானித்தவை இவ்விரு குறைகளே.

1782 மார்ச்சில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன், பறங்கிப்பேட்டையில் ஒரு படையை இறக்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் பிரெஞ்சு - மைசூர்க் கூட்டுப்படையிடம் சரணடைந்தது. கூட் ஓராண்டுக்கு முன்பு காத்த துறைமுகம் இவ்வாறு கைமாறியது.

ஆளுநருடன் பிணக்கு

1781 ஜூனில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற மெக்கார்ட்னி பிரபு, போர்ச் செலவுகளைக் கட்டுப்படுத்த முயன்றார். போரை நடத்தும் முழு அதிகாரமும் தமக்கே வழங்கப்பட்டுள்ளது என்று கூட் வாதிட்டார். மாடுகளும் அரிசியும் உரிய நேரத்தில் வரவில்லை என்று கூட் குற்றம் சாட்ட, படையின் திட்டங்கள் தமக்குத் தெரிவிக்கப்படுவதில்லை என்று மெக்கார்ட்னி குறைகூறினார். இருவரும் தனித்தனியே கல்கத்தாவுக்குக் கடிதங்கள் எழுதினர். 1782 செப்டம்பரில் உடல்நலமின்றிக் கூட் வங்காளம் சென்றார். பொறுப்பு ஸ்டூவர்ட்டிடம் வந்தது.

இறப்பு

1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே ஐதர் அலி காலமானார். இந்நிலையில் கூட் மீண்டும் தலைமையேற்கப் பணத்துடன் கப்பலேறினார். வழியில் பிரெஞ்சுக் கப்பல்கள் துரத்தின. அந்தப் பதற்றத்தில் இவருக்கு மீண்டும் வாத நோய் தாக்கியது. சென்னை வந்து சேர்ந்த சில நாட்களில், 1783 ஏப்ரல் இறுதியில் இறந்தார். இவ்வாறு, எதிரெதிரே நின்ற இரு முதிய தளபதிகளும் ஐந்து மாத இடைவெளிக்குள் மறைந்தனர். கூட்டின் உடல் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆம்ப்சயரில் உள்ள ராக்போர்ன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

1783 ஜூனில் ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். அங்குப் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கியவர், 23 ஆண்டுகளுக்கு முன்பு வந்தவாசியில் சிறைப்பட்ட அதே புஸ்ஸி. ஜூன் 13 அன்று நடந்த தாக்குதலில் ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். ஜூன் 20 அன்று கடலில் சுப்ரேனும் இயூசும் மோதினர். ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி ஜூன் இறுதியில் வந்ததால் போர் நின்றது. 1784 மார்ச் 11 அன்று மங்களூர் உடன்படிக்கையுடன் மைசூருடனான போரும் முடிவுக்கு வந்தது.

மக்கள் மீதான தாக்கம்

இப்போர்களின் சுமையைப் பெரிதும் தாங்கியவர்கள் உழவர்களும் நெசவாளர்களும் ஆவர். ஐதர் அலியின் படை, எதிரிக்கு உணவு கிடைக்காமல் இருக்க வயல்களையும் ஊர்களையும் அழித்தது. கூட்டின் படையும் கிடைத்த இடத்திலெல்லாம் தானியத்தையும் மாடுகளையும் எடுத்துக்கொண்டது. உழவு மாடுகளும் விதைநெல்லும் இன்றி நிலங்கள் தரிசாயின. மக்கள் சென்னையை நோக்கிப் பெயர்ந்தனர். 1782இல் சென்னையில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. பஞ்சத்தில் வாடியோருக்குக் கஞ்சி ஊற்ற அப்போது தொடங்கப்பட்ட இடமே மணியக்காரர் சத்திரம். இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் இதிலிருந்து வந்தது. "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்ற அதன் பழைய வழக்குப் பெயர் அப்பஞ்சத்தின் நினைவைத் தாங்கியுள்ளது.

மதிப்பீடு

கூட் கடும் ஒழுங்கு விரும்பியாகவும், அதே வேளையில் சிப்பாய்களின் உணவிலும் ஊதியத்திலும் அக்கறை உடையவராகவும் இருந்தார். சிப்பாய்கள் இவரைக் "கூட் பகதூர்" என்று அழைத்தனர். சென்னையில் வைக்கப்பட்டிருந்த இவரது உருவப்படத்துக்கு முதிய சிப்பாய்கள் வணக்கம் செலுத்தி வந்தனர் என்று கூறப்படுகிறது. மறுபுறம், தம்மோடு பணியாற்றிய ஆளுநர்கள் பலருடனும் இவர் ஒத்துப்போகவில்லை. பணத்தாசை உடையவர் என்ற குற்றச்சாட்டும் இவர்மேல் உண்டு.

பிரித்தானிய நூல்கள் பறங்கிப்பேட்டை வெற்றியைச் சென்னையைக் காத்த வெற்றியாகப் போற்றுகின்றன. பதின்மூன்று நாட்களுக்கு முன்பு சிதம்பரத்தில் நேர்ந்த தோல்வி அவற்றில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அத்தோல்வியே ஐதர் அலியை வெளிப்படையான போருக்கு இழுத்து வந்தது. ஆகவே இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்தே காண வேண்டும்.

நினைவிடங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் இவருக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் எழுப்பியது. சிற்பி தாமஸ் பேங்க்சு செய்த இச்சின்னம் 1789இல் நிறைவுற்றது. தமிழகத்தில், கடலூருக்கு அருகே கெடிலம் ஆற்றங்கரையில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. பறங்கிப்பேட்டை இன்று மீன்பிடித் துறையாகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் அமைந்துள்ள ஊராகவும் அறியப்படுகிறது.

காலவரிசை

1726 - அயர்லாந்தில் பிறப்பு
1754 - 39ஆம் படைப்பிரிவுடன் இந்தியா வருகை
1757 - பிளாசிப் போர்
1760 - வந்தவாசிப் போர்
1761 - புதுச்சேரி சரணடைதல்
1768 - நாடாளுமன்ற உறுப்பினர்
1771 - பாத் விருது
1779 - தலைமைத் தளபதியாகக் கல்கத்தா வருகை
1781 பிப்ரவரி 8 - கடலூர் வருகை
1781 ஜூன் 18 - சிதம்பரம் தாக்குதலில் தோல்வி
1781 ஜூலை 1 - பறங்கிப்பேட்டைப் போர்
1782 ஜூன் 2 - ஆரணிப் போர்
1783 ஏப்ரல் - சென்னையில் இறப்பு

இவற்றையும் பார்க்க

இரண்டாம் ஆங்கிலேய - மைசூர்ப் போர்
வந்தவாசிப் போர்
புனித டேவிட் கோட்டை
ஐதர் அலி
பறங்கிப்பேட்டை